பதினைந்து மில்லி

ஜூலை 6

அன்புள்ள அண்ணி,

உங்கள் வாலு எழுதுவது. வந்து சேர்ந்த அன்று போன் செய்தேனே, அதையெல்லாம் ஒரு பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் வருஷத்துக்காரிகளின் போனை வார்டன் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் அறையில், அவர் மூக்குக்கு நேரே நின்று ஐந்து நிமிஷம் பேசலாம். "சாப்டியா, சாப்டேன், தூங்கினியா, தூங்கினேன்" தவிர அங்கே வாயில் ஒன்றும் வராது. அதனால்தான் கடிதம். அண்ணனுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

அறையில் நான்கு இரும்புக் கட்டில். என் கட்டிலுக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து வைத்திருக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரிக்கு நான் வைத்த பெயர் கண்ணாடி. குளிக்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவாள். நல்ல பெண். வெள்ளை உடுப்பு போட்டுப் பார்த்தேன், இட்லித் துணி மாதிரி இருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நர்ஸ் படிப்பில் கணக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். டாக்டர் இத்தனை மில்லிகிராம் மருந்து என்று எழுதுவாராம். பாட்டிலில் அது தண்ணீராக இருக்கும், மில்லியில்தான் அளக்க முடியும். அதை இதாக மாற்றுகிறவள் நர்ஸ். அதற்கென்று ஒரு பரீட்சை. இருபது கணக்கு. இருபதும் சரியாக இருந்தால்தான் வார்டுக்குள் மருந்தைத் தொட விடுவார்கள். பத்தொன்பது போட்டாலும் பெயில்தான்.

வகுப்பில் டீச்சர், "பள்ளிக்கூடத்துல கணக்குல தொண்ணூறுக்கு மேல எடுத்தவங்க யாரு?" என்று கேட்டார். நான் கை தூக்கினேன். எத்தனை என்றார். தொண்ணூற்றாறு என்றேன். "அடேயப்பா, வா, பலகைல ஒண்ணு போடு" என்று கூப்பிட்டார். நான் ஏதோ பெருக்கினேன்.

"ஏன் பெருக்கினே?"

"அப்படித்தான் செய்வாங்க, மிஸ்."

"யாரு செய்வாங்க?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அந்தத் தொண்ணூற்றாறு எப்படி வந்தது என்று உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். கணக்கு சார் பாதி வருஷத்தில் வேலையை விட்டுப் போனதும், விடியற்காலையில் உங்கள் துதிப்பாட்டு முடிந்த கையோடு நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து, 'தீர்வு' என்ற இடத்திலிருந்து 'விடை' வரைக்கும் ராகம் போட்டுச் சொல்வோமே. "புரியலைன்னா பரவால்ல, சொல்லு, சொல்லச் சொல்லத் தானா வரும்" என்பீர்களே. வந்தது. ஆனால் இங்கே டீச்சர் எண்ணை மாற்றிவிடுகிறார், அண்ணி. எண்ணை மாற்றினால் எனக்குப் பாட்டு நின்றுபோகிறது.

பயமாக இருக்கிறது.

உங்கள்
வாலு

ஜூலை 13

வாலு,

நல்லா இரு. ஆண்டவன் துணை. கடிதம் வந்தது. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் தபால்காரன். அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை, உறையின் பசையைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

பயப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் சேர்த்துத்தான் பயமாக இருக்கிறது. உனக்கு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிய மனுஷனை, "இந்தப் படிப்பு முடியட்டும், நான் பொறுப்பு" என்று நிறுத்தி வைத்தவள் நான். நேற்றுச் சாப்பிடும்போது உங்கண்ணன், "உன் நாத்தனா நர்ஸ் ஆகறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிடும்" என்றார். "பாதி நரைச்சதுக்கப்புறம்தான் அவ கிளம்பிப் போனா, மீதியையும் அவ கணக்குல எழுதாதீங்க" என்றேன். சிரித்தார். இன்றைக்குச் சிரிப்பார். நீ பெயில் என்று ஒரு சேதி வந்தால் சிரிக்க மாட்டார்.

அதனால் கேள். டீச்சர் மாதிரிக் கணக்கு என்று கொடுத்திருப்பார்களே, எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் பாடமாக்கு. இருபது வருமென்றால் அறுபதைப் படி. டீச்சரும் மனுஷிதானே, எங்கே போய்ப் புதுசு தேடுவாள்? நான் எட்டாவதோடு நின்றவள். கடைச் சீட்டையும் பொட்டலம் கட்டி வரும் காகிதத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்து மேலே வந்தவள். என் பிரார்த்தனைப் புத்தகத்தில் பாதி வார்த்தைக்கு இன்றைக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது. சொல்கிறேன். அது என்னைத் தாங்குகிறது. உன்னையும் தாங்கும்.

கட்டில் காலுக்கு அட்டை வைக்காதே, ஈரத்தில் ஊறிவிடும். ஒரு செங்கல் துண்டு பார்.

அண்ணி

ஜூலை 29

அண்ணி! அண்ணி! அண்ணி!

இருபதுக்கு இருபது!

நீங்கள் சொன்னது அப்படியே பலித்தது. மாதிரித் தாளில் இருந்த கணக்குகளே வந்தன, எண்கூட மாறவில்லை. நான் மனசுக்குள் பாடிக்கொண்டே எழுதினேன். கேள்வியை முழுசாகப் படிக்கக்கூட இல்லை. முதல் வரியைப் பார்த்ததும் விடை நாக்கில் வந்து நின்றது.

கண்ணாடிக்குப் பத்தொன்பது. அவளுக்கு எல்லாம் புரியும், அண்ணி. அவசரத்தில் ஒரு புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டாள். அடுத்த மாதம் திரும்ப எழுத வேண்டும். ராத்திரி சாப்பிடவே இல்லை. "உனக்கு எப்படி எல்லாம் சரியா வந்துச்சு?" என்று என்னைக் கேட்டாள். "சாமி" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து குழந்தைகள் வார்டு. அண்ணனிடம் சொல்லுங்கள். இதை மட்டும் படித்தே காட்டுங்கள்.

வாலு

ஆகஸ்ட் 11

அண்ணி,

இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

ஒரு கணக்கு எழுதுகிறேன். அது சரியா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். பாட்டிலில் ஐந்து மில்லிக்கு இருபது மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. டாக்டர் முப்பது மில்லிகிராம் கொடு என்று எழுதியிருக்கிறார். நான் பதினைந்து மில்லி கொடுத்தேன். இது சரியா?

மூன்றாவது கட்டிலில் ஒரு பையன். பேச்சு இப்போதுதான் வந்த வயசு. வலிப்பு வந்து சேர்த்திருக்கிறார்கள். மொட்டைத் தலை, உருட்டு முகம், அதனால் பட்டாணி என்று கூப்பிடுவேன். என்னை 'வெள்ளக்கா' என்பான். அவன் அம்மா செருப்பைக்கூடப் பையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு அங்கேயே கிடக்கிறாள். வலிப்பு வராமலிருக்க அவனுக்குக் காலையிலும் மாலையிலும் ஒரு சிரப். திங்கட்கிழமை மாலை பழைய பாட்டில் தீர்ந்துபோய்ப் புது பாட்டில் வந்தது. வேறு கம்பெனி, வேறு லேபிள். சிஸ்டர், "அளவு போட்டு எடு, சீட்டுல எழுதி வை, நான் பாத்துக் கையெழுத்துப் போடறேன்" என்றார். லேபிளைப் படித்தேன். படிக்கும்போதே உள்ளே பாட்டு ஓட ஆரம்பித்துவிட்டது: 'ஐந்து மில்லியில் பத்து, வேண்டியது முப்பது, விடை பதினைந்து மில்லி.' அது மாதிரித் தாளில் ஏழாவது கணக்கு. கை தானாக ஊற்றியது. சீட்டில் பதினைந்து என்று எழுதினேன். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். சிஸ்டர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார். நான் கொடுத்துவிட்டேன். நல்ல பிள்ளை, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தான்.

ஹாஸ்டலுக்கு வந்து கை கழுவும்போதுதான், லேபிளில் பத்தா இருபதா என்று ஒரு சந்தேகம். மறுநாள் வேறு வார்டு போட்டார்கள். சாக்கு சொல்லிக்கொண்டு போய்ப் பார்த்தேன். இருபது.

அப்போதிலிருந்து போட்டுப் பார்க்கிறேன், அண்ணி. ஒரு தடவை ஏழரை வருகிறது. ஒரு தடவை மூன்றும் சொச்சமும். எல்லாவற்றையும் பெருக்கினால் மூவாயிரம். மூவாயிரம் மில்லி என்றால் மூன்று லிட்டர்; அது மட்டும் தப்பு என்று எனக்கே தெரிகிறது. மற்றதில் எது சரி என்று தெரியவில்லை. நான் தப்பு செய்தேனா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை. தொண்ணூற்றாறு வாங்கியவள். யாரிடம் போய்க் கேட்பேன்? கேட்ட வாயிலேயே மாட்டிக்கொள்வேன். கண்ணாடியிடம் கேட்கவே முடியாது.

செவ்வாய்க்கிழமை அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ குடுத்ததுக்கப்புறம்தாம்மா புள்ள நிம்மதியாத் தூங்குது, நல்லாருப்பே" என்றாள். இன்று காலை எட்டிப் பார்த்தேன். இன்னும் தூங்குகிறான். எழுப்பி உட்கார வைத்தால் தலை சாய்கிறது. கண் எங்கோ பார்க்கிறது. மூளையில் ஏதோ முற்றிவிட்டதோ என்று டாக்டர் சந்தேகப்படுகிறாராம், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போகிறார்களாம். நான் கொடுத்தது ஒரே ஒரு தடவைதானே. ஒரு தடவைக்கா இப்படி ஆகும்? ஆகாது இல்லையா?

கணக்கைப் பார்த்துவிட்டு வார்டனுக்குப் போன் போட்டு எனக்கு ஒரு சேதி சொல்லுங்கள். சரி என்றால் 'கரண்டு பில் கட்டியாச்சு' என்று சொல்லச் சொல்லுங்கள். தப்பு என்றால் 'கட்டலை'. வேறு ஒன்றும் வேண்டாம். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், வேறு எதுவும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

வாலு

ஆகஸ்ட் 13

வாலு,

வார்டனுக்கு நான் போட்ட போனின் கடைசியில், போனை நீ பிடுங்கினாயா, உன்னிடமிருந்து அவர்கள் பிடுங்கினார்களா தெரியவில்லை. "ஏன் அண்ணி?" என்ற உன் குரல் மட்டும் கேட்டது. அப்புறம் கொய்ங் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நீ திரும்பப் பேச மாட்டாய் என்று தெரியும். ஆகையால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை வாசற்கதவைச் சாத்தக்கூட இல்லாமல் நின்றபடி படித்தேன். உடனே உட்கார்ந்து கணக்கைப் போட்டேன். எண்ணெய் லிட்டரில் வாங்குவேன், சர்க்கரை கிலோவில் வாங்குவேன், இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து ஒரு நாளும் கணக்குப் போட்டதில்லை. எனக்கு ஏழரை என்று வந்தது. பிறகு ஒரு பயம் வந்தது, இந்த மில்லியும் மில்லிகிராமும் நான் நினைக்கிற மாதிரிதானா என்று. என் கணக்கு தப்பிப்போனால் மாசக் கடைசியில் பருப்பு குறையும். இது ஒரு தாயின் பிள்ளை. என் தலையை நம்பி இதில் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அதைவிட, நீ போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். 'சீட்டில் பதினைந்து என்று எழுதினேன்.' அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ கொடுத்தது ஒரு தடவை. சீட்டு அங்கேயே தொங்கிக்கொண்டுதானே இருக்கிறது? மறுநாள் காலை வந்தவள் எதைப் பார்த்து ஊற்றுவாள்? மாலை வந்தவள்? ஒரு பக்கத்தின் அடியில் தப்பாகக் கூட்டிவிட்டால் அடுத்த பக்கம் அந்தத் தப்பிலிருந்துதான் ஆரம்பிக்கும். பிள்ளை ஏன் எழுந்திருக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. நீ கடிதத்தைத் தபாலில் போட்டாய், அது ஊர் சுற்றி என் கைக்கு வந்தது, அது வருகிற நேரமெல்லாம் அந்தப் பிள்ளைக்கு ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

பில் கட்டியாச்சு, கட்டலை என்றெல்லாம் விளையாட எனக்கு நேரமில்லை. வார்டனிடம் நர்ஸுகளுக்கெல்லாம் தலைவி யாரோ அவரைக் கூப்பிடச் சொன்னேன். அந்தப் பெரிய சிஸ்டர் வந்து, "பேஷண்டுக்கு நீங்க என்ன உறவு?" என்றார். "உறவில்லம்மா. உங்க மூணாவது கட்டில்ல ஒரு புள்ள தூங்கிட்டிருக்கே, அது சீட்டைக் கொஞ்சம் பாருங்க, பாட்டிலையும் பாருங்க" என்றேன். "யார் சொன்னது?" என்றார். உன்னைச் சொன்னேன். சொல்லாமல் எப்படி, வாலு?

நீ சொல்லாதே என்றாய். நான் சொல்லிவிட்டேன். உன் கோபம் எனக்கு வேண்டும்தான், வந்து சேரட்டும். அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று மட்டும் ஒரு வரி போடு.

அண்ணி

ஆகஸ்ட் 20

வாலு,

போன் செய்தேன். நீ வர மறுக்கிறாய் என்கிறார் வார்டன். "அந்தக் குழந்தை...?" என்றேன். "பேஷண்ட் விஷயமெல்லாம் வெளிய சொல்லக் கூடாதும்மா" என்று வைத்துவிட்டார்.

விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் சொல்ல வார்த்தை வரவில்லை. இத்தனை வருஷமாகச் சொன்ன பாட்டு. முதல் அடியிலேயே நிற்கிறது. ஒரு பிள்ளையின் பெயர்கூடத் தெரியாமல் எப்படி வேண்டுவது? 'மூணாவது கட்டில்' என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

நேற்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து நின்றேன். உங்கண்ணன் வந்து அணைத்தார். "அங்க ஏதாச்சுமா?" என்றார். இல்லை என்றேன். அவரிடம் நான் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்பது அவருக்குத் தெரியும்.

இருக்கிறானா இல்லையா? ஒரே ஒரு வார்த்தை. கோபத்தோடேயே எழுது.

அண்ணி

ஆகஸ்ட் 23

அண்ணி,

இருக்கிறான்.

இதற்கு மேல் உங்களுக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

நீங்கள் சொன்னது சரி. சீட்டைப் பார்த்துத்தான் எல்லோரும் ஊற்றியிருக்கிறார்கள். வேண்டியதைப் போல இரண்டு மடங்கு, ஒவ்வொரு வேளையும். நீங்கள் போன் செய்த அன்று மாலை வேளைக்கும் ஊற்றி எடுத்து வைத்திருந்தார்களாம். பெரிய சிஸ்டர் ஓடிப் போய் அந்தக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார் என்று கண்ணாடி சொன்னாள். மருந்தை நிறுத்தியும் அவன் உடனே எழவில்லை. அது உடம்பை விட்டுச் சீக்கிரம் இறங்காத மருந்தாம். ஒவ்வொரு நாள் விடியும்போதும் இன்று ஏதாவது சொல்லி அனுப்புவார்களோ என்று ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேற்றுத்தான் எழுந்து உட்கார்ந்து, செருப்பைப் போட்டுவிடு என்று அழுதானாம்.

அவன் அம்மாவிடம் நானே சொல்ல வேண்டும் என்றார் பெரிய சிஸ்டர். சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பிள்ளையை மடியோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, "கிட்ட வராத" என்றாள். இப்போது எந்த வெள்ளை உடுப்பைப் பார்த்தாலும் அவனைத் துணியால் மூடிக்கொள்கிறாளாம்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. போன் செய்ததற்கு இல்லை. "புரியலைன்னா பரவால்ல, சொல்லு" என்றீர்களே, அதற்கு. உங்கள் சாமிக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. அதை நம்பித்தானே நான் ஒரு பிள்ளையின் வாயில் ஊற்றினேன்?

விசாரணை வைத்தார்கள். கையெழுத்துப் போட்ட சிஸ்டருக்கும் தண்டனை. "வீட்டுக்குப் போறியா, இல்ல இருக்கியா?" என்று என்னைக் கேட்டார்கள். இருந்தால் வார்டு கிடையாது. கணக்கு முழுவதையும் அடியிலிருந்து படித்து, பெரிய சிஸ்டரே எடுக்கிற கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். தேறாவிட்டால் போய்விட வேண்டியதுதான். என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் எங்கே தடுக்கி விழுந்தேன் என்று பார்க்கப் பள்ளிக்கூடப் புத்தகங்களைப் புரட்டினேன். பத்தாவதில் இல்லை. எட்டாவதிலும் இல்லை. ஏழாவதில் பின்னம், விகிதம். அங்கேயே எனக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு மேலே கட்டினதெல்லாம் காற்றில் நிற்கிறது. சலைன் எத்தனை சொட்டு விட வேண்டும் என்பது அதே கணக்குதான். மருந்தை எவ்வளவு தண்ணீரில் கரைப்பது, அதுவும் அதேதான். இரண்டாம் வருஷப் புள்ளியியலும் அதிலேதான் ஆரம்பிக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஏழாவது வகுப்பு வந்து குறுக்கே நிற்கிறது.

இங்கே இருக்கட்டுமா, வந்துவிடட்டுமா? நீங்கள்தான் பொறுப்பு என்று சொன்னவர். சொல்லுங்கள்.

வாலு

ஆகஸ்ட் 29

வாலு,

'இருக்கிறான்' என்ற வார்த்தையைப் படித்துவிட்டு மீதியைப் படிக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

உங்கண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். சட்டையை மாட்டிக்கொண்டு, "போய்க் கூட்டிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். "அவ கேக்காம கூட்டிட்டு வராதீங்க" என்றேன். "நீ பட்டதெல்லாம் போதாதா?" என்றார். வாசலில் ரொம்ப நேரம் நின்றுவிட்டுச் சட்டையைக் கழற்றினார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். சாமிக்குச் சொல்கிறதில் ஒரு வார்த்தை பிசகினால் கேட்கிறவன் திருத்திக் கேட்டுக்கொள்வான். மருந்துக்கு அந்தக் கருணை கிடையாது. இந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தொண்ணூற்றாறு வந்தபோது தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தவள் நான். இப்போது உன் கோபத்தை மட்டும் வேண்டாமென்றால் எப்படி? ஆனால் ஒன்று, அந்தப் பிள்ளை தலை சாய்ந்ததை நீ கண்ணால் பார்த்தாய். பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதினாய். பத்தடி நடந்தால் பெரிய சிஸ்டர். அந்தப் பத்தடியை நடக்காமல் விட நான் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது உன்னுடையது.

இருப்பதா வருவதா? நான் உண்மையைச் சொல்கிறேன், உனக்கு வலிக்கும். நீ அங்கே இருப்பாய் என்று நினைத்தாலே எனக்குப் பயம். திரும்பவும் ஒரு பாட்டிலைக் கையில் எடுப்பாயே என்று பயம். நான் படுக்கையில் கிடந்து நீ மருந்தை ஊற்றிக்கொண்டு வந்தால் குடிப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இன்றைக்குக் குடிக்க மாட்டேன், வாலு. உன்னை வளர்த்தவள் சொல்கிறேன்.

வா என்றும் சொல்லவில்லை. வந்தால் உங்கண்ணன் ஒரு வரன் பார்ப்பார், நீயும் சரியென்பாய், 'கட்டில் மூணு' என்பது உன்னோடேயே வந்து உன் வீட்டில் குடியேறும். உனக்கு ஒரு பிள்ளை பிறந்து அதற்குக் காய்ச்சல் வந்தால் மருந்து மூடியில் எவ்வளவு ஊற்றுவாய்? அங்கேயும் அதே கணக்குதானே?

நீயே முடிவு செய். பொறுப்பு நான்தான், அதை நான் வாபஸ் வாங்கவில்லை.

அண்ணி

அக்டோபர் 5

அண்ணி,

இருந்தேன். அதைத்தான் நான் எழுதாமலே புரிந்துகொண்டிருப்பீர்கள்.

'இன்றைக்குக் குடிக்க மாட்டேன்' என்ற உங்கள் வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தைத் தூக்கி எறிந்தேன். அப்புறம் எடுத்துக்கொண்டு நேரே கண்ணாடியிடம் போனேன். என் தொண்ணூற்றாறின் கதையை அவளிடம் சொன்னேன். "அப்பவே தெரியும்டி. சாமின்னு சொன்னப்பவே தெரியும்" என்றாள். அவள் இதற்குள் பரீட்சை தேறி வார்டுக்குப் போய்வருகிறாள். ஷிப்ட் முடிந்து வந்த காலோடு எனக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள்.

முதல் நாள் எண்ணே இல்லை. இரண்டு டம்ளர் தண்ணீர். ஒன்றில் ஒரு ஸ்பூன் உப்பு, இன்னொன்றில் இரண்டு. குடிக்கச் சொன்னாள். குமட்டியது. "ரெண்டுலயும் ஒரே அளவு உப்பு உள்ள போகணும்னா எதுல கொஞ்சமாக் குடிப்பே?" என்றாள். கெட்டியாக இருப்பதில் என்றேன். "அவ்வளவுதான். புது பாட்டில் கெட்டியா, நீர்த்ததா?" என்றாள்.

அண்ணி, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அந்த ஏழாவது கணக்கில் பத்து இருந்த இடத்தில் பாட்டிலில் இருபது. கெட்டி. கெட்டி என்றால் குறைவாகத்தான் கொடுக்க வேண்டும். காகிதமே வேண்டாம். அந்த ஒன்று தெரிந்திருந்தால் என் கை அன்றைக்கு நின்றிருக்கும். ஏழாவது வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் விடையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

பின்னம், விகிதம், அப்புறம் அந்த எக்ஸ் போடுகிற கணக்கு என்று வரிசையாக ஏறினோம். வேகமாக ஏற முடியவில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் மேலே முதலில் 'கூடுமா, குறையுமா?' என்று எழுதச் சொன்னாள். அதற்குப் பதில் தெரியாமல் பென்சிலைத் தொடக் கூடாது. பல நாள் பென்சிலைத் தொடவே இல்லை. ஓர் எண்ணைப் பார்த்தால் அந்தப் பையன் தலை சாய்வது தெரியும்.

நேற்றுப் பரீட்சை. பெரிய சிஸ்டர் எதிரே உட்கார்ந்துகொண்டார். ஒரு கணக்குகூட நான் பார்த்த கணக்கில்லை. பாட்டு ஒன்றும் வரவில்லை. நிசப்தமாக இருந்தது உள்ளே. அந்த நிசப்தமே பயமாக இருந்தது. இருபதும் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

நடையில் பாதி தூரம் வந்திருப்பேன். கால் நின்றுவிட்டது. பதினான்காவது கணக்கு. கிராமில் கொடுத்திருந்ததை மில்லிகிராம் ஆக்க மறந்துவிட்டேன். தாளும் கையில் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. தப்பு என்று எனக்குத் தெரிந்தது. இந்த இடத்தில்தான் தப்பு, இதுதான் சரியான விடை என்று தெரிந்தது. அவர் திருத்தும்போது கவனிக்காமல் விட்டுவிடலாம். விட்டால் நாளைக்கே வார்டு.

திரும்பிப் போனேன். அவர் இன்னும் தாளைத் தொடவில்லை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், பதினாலாவது தப்பு."

"ஒண்ணு தப்புன்னாலும் பெயில். தெரியுமில்ல?"

"தெரியும், சிஸ்டர்."

"தெரிஞ்சா வந்து சொல்றே?"

"மருந்தா இருந்தா ஊத்தறதுக்கு முன்னாடி வந்திருப்பேன்" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் தாளை எடுத்துப் பதினான்கைப் பெரிதாகச் சிவப்பில் அடித்தார். "பெயில். வீட்டுக்குப் போக வேணாம். அடுத்து வர்ற பேட்ச்சோட முதல் வருஷம் திரும்ப உக்காரு. அதுவரைக்கும் உன் கை பாட்டிலைத் தொட்டுதுன்னு கேள்விப்பட்டேன்..." என்று நிறுத்தினார். மீதியைச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

ஆகையால் அண்ணி, ஒரு வருஷம் போயிற்று. என்னைவிடச் சின்னப் பெண்களோடு, அதே பெஞ்சில். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனில் திட்டுவார். திட்டட்டும், பக்கத்தில் நின்று தடுக்காதீர்கள்.

எனக்குப் பயம் போகவில்லை. போக வேண்டாம் என்றுதான் இருக்கிறேன். பயம் இல்லாமல் ஒரு தடவை ஊற்றிப் பார்த்தாயிற்று.

என் கையால் வாங்கிக் குடிக்க உங்களுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரைக்கும் நோய் நொடி இல்லாமல் இருங்கள்.

வாலு